கம்பிக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர்?

வடசென்னையின் விம்கோ நகரில் ஜன்னல் கிரில்லுக்கு அடித்த பெயின்ட் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று அங்கே வாடகைக்கு இருப்பவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். ஏ.சி. வெளிப்பெட்டியின் அடித்தகடு, மொட்டைமாடித் தொட்டியின் இரும்புத் தாங்கி, துணி காயப்போடும் கம்பி என எதுவும் அங்கே நெடுநாள் நிற்பதில்லை. கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் கடல். அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் காற்றிலேயே காய்ந்து உப்புத் துகள்களாகி ஊருக்குள் வந்து படிகின்றன. மேற்கே மணலி ஆலைகளின் கந்தக வாயுக்களும் சேர்ந்துகொள்கின்றன. சென்னையில் இரும்புக்குக் கடினமான வட்டாரம் இது.

கிரில் துருப்பிடித்தால் சுரண்டிவிட்டு மறுபடி பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வீட்டில் உள்ள இரும்பின் பெரும்பகுதி நம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. ஆயிரம் சதுர அடி அடுக்குமாடி வீட்டுக்கு மூன்று முதல் நான்கு டன் கம்பி போகும் என்பது கட்டடத் தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. தூணிலும் உத்தரத்திலும் தளத்திலும் புதைந்து கிடக்கும் அந்தக் கம்பியை மறுபடி யாரும் பார்க்கப் போவதில்லை. அதற்கும் உப்புக்கும் நடுவே இருப்பது சில சென்டிமீட்டர் காங்கிரீட் மட்டுமே.

வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டி ஆலையின் சுருக்கப் பெயரைத் தாங்கிய இந்தப் பகுதிக்கு 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ ரயில் வந்தது. அடுத்த ஆண்டு விம்கோ நகர் பணிமனை நிலையமும் திறந்தது. ஆலைத் தொழிலாளர்களும் துறைமுக ஊழியர்களும் குடியிருந்த தெருக்களில் இன்று ஸ்டில்ட் பார்க்கிங்கோடு அடுக்குமாடிகள் எழுகின்றன. வாழ்நாள் சேமிப்பையும் இருபது ஆண்டுக் கடனையும் போட்டு வீடு வாங்க வருபவர், சாவி வாங்குமுன் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். டைல்ஸ் நேராக இருக்கிறதா, கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா? இவை தேவையான கேள்விகள்தான். ஆனால் கோணலான டைல்ஸைப் பின்னாலும் மாற்றிவிடலாம். கம்பியில் உப்பு ஏறினால் மாற்ற வழியில்லை. கடலோரத்தில் வீடு வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி கம்பியைப் பற்றியது என்பதற்கு வேதியியலில் காரணம் இருக்கிறது.

நல்ல காங்கிரீட்டுக்குள் இரும்பு துருப்பிடிப்பதில்லை. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது சுண்ணாம்பு வெளிப்படுகிறது. அதனால் காங்கிரீட்டின் நுண்துளைகளில் தேங்கும் நீர் கடுமையான காரமாக இருக்கும், அதன் பி.எச். மதிப்பு 12.5-ஐத் தாண்டும். இந்தக் காரத்தில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று தானே உருவாகி, மேற்கொண்டு துரு ஏறாமல் தடுக்கிறது. காங்கிரீட்டும் கம்பியும் நூறாண்டுக்கு மேலாக உலகம் முழுவதும் சேர்ந்து வேலை செய்வது இந்தப் படலத்தின் தயவில்தான்.

அதை உடைப்பவை இரண்டு. ஒன்று, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. அது மெல்ல ஊடுருவிச் சுண்ணாம்போடு வினைபுரிந்து காரத்தைக் குறைக்கும், பி.எச். 9-க்குக் கீழே போனால் படலம் நிலைக்காது. இது எந்த ஊரிலும் நடப்பது. இன்னொன்று குளோரைடு, அதாவது உப்பில் சோடியத்தோடு இருக்கும் பாதி. காரம் குறையாமல் இருந்தாலும் அது படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். துளைத்த இடத்தில் கம்பி குழிகுழியாக அரிக்கப்படும். இந்த வினையில் குளோரைடு செலவழிந்து போவதில்லை என்பதுதான் இதன் கொடுமை. ஒரு குழியை அரித்த அதே குளோரைடு விடுபட்டு அடுத்த வினைக்குத் தயாராக நிற்கும். ஒருமுறை உள்ளே போய்விட்டால் வேலை ஓயாது.

துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். சுற்றிலும் இறுகிய காங்கிரீட்டுக்குள் அந்த வீக்கத்துக்கு இடமில்லாததால் காங்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. முதலில் கம்பி போகும் வழியிலேயே ஒரு கோடாக விரிசல் விழும். பிறகு பழுப்புக் கறை தெரியும். கடைசியில் பொருக்கு உடைந்து விழுந்து கம்பி வெளியே தெரியும். தளத்தின் அடியில் பொருக்கு விழும் நாளில் உள்ளே பல ஆண்டு அரிப்பு முடிந்திருக்கும்.

உப்பு இரண்டு வழியாக வருகிறது. காற்றிலிருந்து மெல்ல ஊடுருவுவது ஒரு வழி. இதைத் தடுப்பது கம்பிக்கு மேலே இருக்கும் காங்கிரீட்டின் கனம். கட்டடக்காரர்கள் அதைக் 'கவர்' என்பார்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456:2000, கட்டடம் நிற்கும் சூழலைப் பொறுத்து இந்தக் கனத்தை வகுத்திருக்கிறது. மிதமான சூழலுக்கு 30 மில்லிமீட்டர். கடலோரக் காற்றுக்கு நேரே வெளிப்பட்டு நிற்கும் காங்கிரீட் 'கடுமையான சூழல்' என்ற வகையில் வருகிறது. அதற்கு 45 மில்லிமீட்டர் கவரும், குறைந்தது எம்30 தரக் காங்கிரீட்டும் வேண்டும். உள்நாட்டில் எம்20, 20 மில்லிமீட்டர் என்று பழகிய கை, விம்கோ நகருக்கு வந்து அதே பழக்கத்தில் கட்டினால் அது தரக்குறைவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

அந்தச் சில மில்லிமீட்டர் குறைந்தால் என்ன ஆகும்? காங்கிரீட்டுக்குள் உப்பு பரவுவது ஏறத்தாழத் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கவர் பாதியானால், உப்பு கம்பியைத் தொட எடுக்கும் காலம் பாதியாகக் குறைவதில்லை, கால் பங்காகிவிடும். 40 மில்லிமீட்டரில் நாற்பது ஆண்டு தாங்க வேண்டிய கட்டடம் 20 மில்லிமீட்டரில் பத்து ஆண்டிலேயே ஆபத்துக்கு வந்துவிடும் என்று எளிமையாகக் கணக்கிடலாம். இத்தனைக்கும் கவரைச் சரியாக வைக்கத் தேவைப்படுவது கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னஞ்சிறு கவர் பிளாக். அதற்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லியைச் செருகிவிட்டுக் காங்கிரீட் கொட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். ஆட்கள் மேலே நடக்கும்போது ஜல்லி நழுவிக் கம்பி சென்ட்ரிங் பலகையில் போய்ப் படுத்துவிடும்.

இரண்டாவது வழி இன்னும் மோசமானது. கலவை போடும் நாளிலேயே உப்பு உள்ளே போய்விடுவது. ஒரு கனமீட்டர் கம்பிக் காங்கிரீட்டில் மொத்தக் குளோரைடு 0.6 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 180 லிட்டர் தண்ணீர் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். வரம்புக்குட்பட்ட தண்ணீர் 90 கிராம் குளோரைடைத்தான் கொண்டுவரும். லிட்டருக்கு 4,000 மில்லிகிராம் குளோரைடு உள்ள போர் தண்ணீரை ஊற்றினால் 720 கிராம். தண்ணீர் மட்டுமே வரம்பை உடைத்துவிட்டது. லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் உள்ள கடல்நீரானால் 3.4 கிலோ. மணலும் அப்படித்தான். கனமீட்டருக்கு 700 கிலோ மணல் போகும் கலவையில் மணலின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு குளோரைடு இருந்தால் 700 கிராம் சேர்ந்துவிடும். வடசென்னையில் மீஞ்சூர் வரைக்கும் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாக அறிந்த செய்தி. எனவே லாரித் தண்ணீர் வாங்கினார்களா, மனையிலேயே போர் போட்டு இறைத்தார்களா என்பது அற்பமான விசாரிப்பு அல்ல.

கலவையிலேயே உப்பு இருந்தால் கவர் எத்தனை மில்லிமீட்டர் இருந்தும் பயன் குறைவு. ஹரியாணாவின் குருகிராமில் சின்டெல்ஸ் பாரடைசோ என்ற அடுக்குமாடி வளாகத்தில் 2022 பிப்ரவரி 10 அன்று ஆறாவது மாடியின் தளம் சரிந்து, கீழே உள்ள தளங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதை ஆராய்ந்த டெல்லி ஐ.ஐ.டி. காங்கிரீட்டில் மிகுந்த குளோரைடு இருந்ததைக் கண்டறிந்தது. தளங்கள் விழுந்த அந்த அடுக்குமாடிக் கோபுரத்தைப் பழுதுபார்த்துப் பிழைக்கவைக்க முடியாது என்றும் சொன்னது. குருகிராமில் கடலே கிடையாது. கட்டும்போதே சேர்ந்த உப்பு அது. தைவானில் கழுவாத கடல்மணலில் கட்டப்பட்ட வீடுகளுக்குக் 'கடல்மணல் வீடுகள்' என்றே பெயர் விழுந்து, அவற்றில் குடியிருந்தவர்கள் பல ஆண்டுகள் அல்லல்பட்டார்கள். சென்னை சாலிகிராமத்தில் ஜெயின்ஸ் வெஸ்ட்மினிஸ்டர் வளாகத்தில் குடியேறிய சில ஆண்டுகளிலேயே காங்கிரீட் உதிரத் தொடங்கி, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

விம்கோ நகருக்குப் பக்கத்திலேயே, திருவொற்றியூர் அரிவாக்குளம் பகுதியில், 2021 டிசம்பர் 27 அன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. முந்தின இரவில் விரிசலைப் பார்த்து ஆட்கள் வெளியேறிவிட்டதால் ஓர் உயிரும் போகவில்லை. அது ஏறத்தாழ முப்பதாண்டுப் பழைய கட்டடம். புது வீட்டுக்கும் அதற்கும் நேரடி ஒப்பீடு இல்லை. ஆனால் விரிசல் என்பது எச்சரிக்கையின் முதல் வரி அல்ல, கடைசி வரி என்பதை அந்த ஒரு இரவு காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் புதுக் குடியிருப்பில் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்தது. அது உடனே செய்தியாயிற்று, ஐ.ஐ.டி. மெட்ராஸைச் சார்ந்த க்யூப் அமைப்பு ஆய்வு செய்தது. கண்ணுக்குத் தெரிந்த குறை என்பதால் கேள்வி எழுந்தது. பூச்சுக்குப் பின்னால் கம்பி 15 மில்லிமீட்டரில் கிடந்தால் எவரும் அப்படிக் கொதித்தெழ முடியாது.

சட்டத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா), பிரிவு 14(3)-இல் நல்ல பாதுகாப்பு ஒன்றைத் தருகிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிந்து, அதைத் தெரிவித்தால், கட்டுநர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு. ஒழுகல், பூச்சு, டைல்ஸ் போன்றவற்றுக்கு ஐந்து ஆண்டு போதும். ஆனால் வெளியிலிருந்து ஏறும் உப்பு பெரும்பாலும் ஐந்து ஆண்டைத் தாண்டித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். எட்டாவது ஆண்டில் தளம் பொருக்கு விட்டால், கட்டியவர் தந்த உத்தரவாதம் முடிந்திருக்கும், கடன் முடிந்திருக்காது. கம்பியைப் பற்றிய கேள்வியைக் கடைசித் தவணைக்கு முன்பே கேட்டாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மனை 500 சதுர மீட்டருக்கு மிகாமல், அதாவது ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டுக்குள் இருந்தாலும், வீடுகள் எட்டுக்கு மிகாமல் இருந்தாலும் ரெரா பதிவு கட்டாயமில்லை. விம்கோ நகரின் உட்தெருக்களில் எழும் நான்கு வீடு, ஆறு வீடு அடுக்குமாடிகளில் பல இந்த விலக்குக்குள் வந்துவிடும். அவற்றை வாங்குபவர் நுகர்வோர் ஆணையத்தைத்தான் நாட வேண்டும். வீடு கட்டித் தருவதும் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் பொதுவாக இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் நிறைவுச் சான்று இருக்கிறதே என்று நிம்மதி அடைபவர்கள் அதிகம். அந்தச் சான்று முக்கியமாகப் பார்ப்பது அனுமதித்த வரைபடத்தின்படி உயரமும் பரப்பும் சுற்றிலும் விட்ட இடமும் சரியா என்பதை. வங்கி அனுப்பும் பொறியாளர் பார்ப்பது கொடுக்கும் கடனுக்கு ஈடான மதிப்பு இருக்கிறதா என்பதை. இவ்விருவரில் ஒருவரும் தூணைத் துளைத்து உப்பை அளப்பதில்லை.

ஆகவே வாங்குபவர் தாமே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. கட்டடம் எழும்போதே போய்ப் பார்ப்பது சாலச் சிறந்தது. கம்பி கட்டி, காங்கிரீட் போடுமுன் தளத்தின் அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று பார்க்கலாம். பால்கனி, சன்ஷேட் போல ஒருபக்கம் மட்டும் பிடிமானமுள்ள தளங்களில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். மேலே நடந்து அதை மிதித்துக் கீழே அமுக்கிவிட்டால் அந்தப் பால்கனியின் பலமே போய்விடும். வேலை ஓராண்டு, ஈராண்டு நின்றுபோய்த் தொடங்கிய கட்டடமா என்றும் விசாரியுங்கள். தூணின் மேல்முனையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் அத்தனை நாள் கடற்காற்றில் நின்றிருந்தால், மேலோட்டமான செந்துரு பெரிய பாதகமில்லை. குழிவிழுந்து உப்பு உட்கார்ந்த கம்பியைத் தேய்த்துக் கழுவாமல் காங்கிரீட்டில் புதைத்திருந்தால் பாதகம்தான்.

மனைக்குப் போகும்போது பேனா அளவிலான டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைக் கொண்டு போங்கள். அது எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டும். மொத்தமே 500-க்குள் இருந்தால் குளோரைடு வரம்பைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. பல ஆயிரம் காட்டினால், கலவைக்கும் க்யூரிங்குக்கும் எந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினார்கள் என்று கேட்க உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. க்யூரிங் எத்தனை நாள் என்பதும் முக்கியம். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் கடலோரத்துக்கு நல்லது. அதன் காங்கிரீட் இறுகிய பின் உப்பை எளிதில் விடாது. எண்ணூர்க் கழிமுகத்தைப் பாழாக்கிய அனல்மின் நிலையச் சாம்பல், சிமென்டுக்குள் போனால் இப்படி நன்மை செய்கிறது என்பது இந்த வட்டாரத்துக்காரர்கள் அறிய வேண்டியது. ஆனால் அதற்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் வேண்டும். பதினான்கு நாள் பரிந்துரை. மூன்றாம் நாளே தண்ணீரை நிறுத்தினால் மேல்தோல் நுண்துளையோடு நின்றுவிடும், உப்புக்கு வழி திறந்துவிடும்.

வேலை முடிந்த கட்டடமாக இருந்தால் உங்கள் வீட்டை மட்டும் பார்க்காதீர்கள். பூச்சும் பட்டியும் பெயின்டும் குறைவாக உள்ள இடங்களுக்குப் போங்கள். ஸ்டில்ட் தூணின் அடிப்பகுதி, மாடிப்படியின் அடிப்பக்கம், லிப்ட் குழி, சம்ப்பின் உட்சுவர், சன்ஷேட்டின் விளிம்பு. தூணடியில் ஜல்லி தனியாகத் தெரிந்து, தேன்கூடு போல ஓட்டைகள் இருந்தால் காங்கிரீட் சரியாக அமுங்கவில்லை என்று பொருள். விரிசல்களில் எல்லாமே அச்சத்துக்கு உரியவை அல்ல. பூச்சில் வலைபோல மயிரிழைக் கோடுகள் இருந்தால் அது சுருங்கியது. உத்தரமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கிடைக்கோடு விழுந்தால் கம்பிவலை வைக்காமல் பூசியிருப்பார்கள், சரிசெய்யக் கூடியதே. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், சுவரில் படிப்படியாக ஏறும் விரிசல் ஆகியவை அஸ்திவாரம் இறங்குகிறதா என்று கேட்கவைக்கும். இரு முனையிலும் பென்சிலால் குறித்து, தேதி எழுதி, சில வாரம் கழித்துப் பாருங்கள். தூணின் ஓரத்தை ஒட்டிச் செங்குத்தாகவோ தளத்தின் அடியில் சீரான இடைவெளியில் இணைகோடுகளாகவோ விரிசல் தெரிந்து, பழுப்பும் கசிந்தால், அது கம்பியின் குரல். புதுக் கட்டடத்தில் அது தெரிந்தால், சாவி வாங்க வேண்டாம்.

கழிவறையில் வடிகாலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிவைத்து, கீழ்வீட்டுத் தளத்தில் ஈரம் இறங்குகிறதா என்று பார்க்கும் வழக்கம் நல்ல வழக்கம். ஓதம் என்பது சுவரின் அழகைக் கெடுப்பது மட்டுமல்ல. உப்பு இருக்கும் காங்கிரீட்டுக்கு ஈரமும் கிடைத்துவிட்டால் அரிப்பு பல மடங்கு வேகமெடுக்கும்.

கண்ணால் பார்ப்பதற்கு அடுத்து கருவிகள். கவர் மீட்டரைச் சுவரின் மேல் நகர்த்தினாலே கம்பி எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று காட்டிவிடும், உடைக்க வேண்டியதில்லை. பூச்சின் கனத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ரீபவுண்டு சுத்தியல் சோதனை அறிக்கையைக் கட்டுநர்கள் தாராளமாகக் காட்டுவார்கள். அது மேற்பரப்பின் கடினத்தைச் சொல்லும். உப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. உப்பை அறிய ட்ரில் போட்டு வரும் தூளை ஆழவாரியாகச் சேகரித்து ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையின் அழகு என்னவென்றால், அது அளவோடு வரலாற்றையும் சொல்கிறது. வெளியே அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் உப்பு காற்றிலிருந்து வந்தது. எல்லா ஆழத்திலும் ஒரே அளவில் மிகுந்திருந்தால் கலவையிலேயே சேர்ந்தது. இன்னும் காற்றுக்கு நேரே அதிக நாள் நிற்காத புதுக் கட்டடத்தில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஒருவராகச் செய்தால் செலவு கனக்கும். அதே கட்டடத்தில் வீடு வாங்கும் ஆறு குடும்பங்கள் சேர்ந்து இரண்டு தூணிலும் ஒரு தளத்திலும் சோதித்தால் எல்லோருக்கும் ஆகும்.

குறை தெரிந்தால் வாய்ப்பேச்சோடு விடாமல், படமும் தேதியும் வைத்து எழுத்தில் கொடுங்கள். சரிசெய்து தருவதாக நாள் குறித்த பதிலை எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் தவணையை நிறுத்துவது சரியான வழி அல்ல. ரெராவில் பதிவான திட்டமானால் தாமதத் தவணைக்கு வட்டி கட்ட நேரும். குடியேற்றச் சான்று வந்த பின் வீட்டைப் பெற்றுக்கொள்ள வாங்குபவருக்கு இரண்டு மாத அவகாசத்தைச் சட்டம் வைத்திருக்கிறது. சோதனைகளை முடிக்க அந்த நாள்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆனாலும் இத்தனையையும் ஒரு மீனவக் குடும்பமோ ஆலைத் தொழிலாளியோ தனியே செய்ய வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை. தீ அணைப்புக்கும் மின் இணைப்புக்கும் சான்று கேட்கிற அரசு, கடலோரக் காங்கிரீட்டின் உப்புக்கும் கேட்கலாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள இந்தக் கரையில், எட்டு வீட்டுக்கு மிகாத கட்டடமானாலும், கவர் அளவீடும் குளோரைடு சோதனையும் இணைக்காமல் எந்த அடுக்குமாடி வீட்டையும் விற்க விடக் கூடாது. சி.எம்.டி.ஏ.வும் தமிழ்நாடு ரெராவும் அதை விதியாக்க வேண்டும்.